ஒரு கரண்டி சவர்க்காரத் தூளும் ஓர் ஏரியும்

நான் ரொறன்ரோவுக்கு வந்தது 2010 இல். வேலை அனுமதிக் கடிதம் கையில் கிடைத்த அடுத்த கிழமையே கோப்பை கழுவப் போய்விட்டேன். (எங்கட ஆக்களில் கனபேர் இந்த நாட்டுக்குள் நுழைந்த வாசல் அதுதானே!) அந்தக் குசினியில் எனக்குத் தொழில் பழக்கியவர் ஏழாலை அண்ணை ஒருவர். இருபது வருடமாக இங்கே இருப்பவர். ஒருநாள் இரவு கடைசிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அவர் புறுபுறுத்தார்.

"வீட்டு மெசினில கழுவுற கிளாஸ் எல்லாம் இப்ப மாப் பூசின மாதிரிக் கிடக்கு தம்பி. மனிசி மெசின் பழுது எண்டு ஆளைக் கூப்பிட்டுக் காட்டினவ. மெசினில ஒண்டுமில்லையாம். தூளில இருந்த பொஸ்பேற்றை எடுத்துப் போட்டாங்களாம். இந்த அரசாங்கத்துக்கு வேற வேலை இல்லை."

அவர் சொன்னது சரி. 2010 யூலையிலிருந்து வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூளில் பொஸ்பரஸ் 0.5 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று கனடாவில் சட்டம் வந்திருந்தது. நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. புதிதாக வந்தவன், வாயை மூடிக்கொண்டு கழுவினேன். ஆனால் "பொஸ்பேற்று" என்ற அந்த ஒரு சொல் என்னைப் பிடித்து இழுத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் கொண்டுபோய் இருத்திவிட்டது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது நான் விஞ்ஞான பீடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு என் படிப்பு முடியவே இல்லை. நான் கடைசியாக எழுதிய கொப்பியில் ஒரு தலைப்பு இருந்தது: நற்போசணையாக்கம்.

பெயரைப் பார்த்தால் நல்ல காரியம் போல இருக்கும். நல்ல சாப்பாடு கொடுப்பது. உண்மையில் அது ஓர் ஏரி சாப்பாடு கூடிச் சாகிற கதை. அந்தக் கதையின் மிகப் பெரிய அத்தியாயம் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்த இதே மாகாணத்தில்தான் நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் சவர்க்காரம். யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் குளித்த எவருக்கும் தெரியும், எங்கட தண்ணியில் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிற தண்ணி, கல்சியமும் மகனீசியமும் நிறைந்தது. சவர்க்காரம் அழுக்கைப் பிடிப்பதற்கு முன் இந்தக் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு திரைந்து போய்விடும். வடஅமெரிக்காவிலும் பல இடங்களில் இதே பிரச்சினைதான். 1946 இல் 'ரைட்' தூள் சந்தைக்கு வந்தது. செயற்கைச் சலவைத் தூளோடு பொஸ்பேற்றையும் கலந்தார்கள். பொஸ்பேற்று கல்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், தூள் தன் வேலையைச் செய்யும். அருமையான கண்டுபிடிப்பு. சில தூள்களில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே பொஸ்பேற்றுச் சேர்மம் இருந்தது. உடுப்பு வெள்ளையானது. கழுவிய தண்ணி குழாய்க்குள் போனது. குழாய் ஆற்றுக்குப் போனது, ஆறு ஏரிக்குப் போனது.

அந்த ஏரிதான் ஈரி ஏரி. பேரேரிகள் ஐந்திலும் ஆழம் குறைந்தது. சராசரி ஆழம் 19 மீற்றர்தான், மேற்குப் பக்கம் அதிலும் குறைவு. சுற்றிவரப் பெரிய நகரங்கள், தொழிற்சாலைகள், வயல்கள். ரொறன்ரோவில் இருக்கிற எங்களுக்கு இதில் என்ன என்று கேட்காதீர்கள். ஈரியின் தண்ணிதான் நயாகராவில் விழுந்து ஒன்ராறியோ ஏரிக்குள் வருகிறது. ஒன்ராறியோ ஏரிக்கு வரும் தண்ணியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அந்த வழியால்தான். நாங்கள் குழாயில் பிடித்துக் குடிப்பது ஒன்ராறியோ ஏரியை.

பாசி வளர்வதற்கு முக்கியமாக மூன்று சாமான் வேண்டும்: காபன், நைதரசன், பொஸ்பரஸ். காபனும் நைதரசனும் காற்றில் நிறைய. நீலப்பச்சை அல்காக்களில் சில வகை நைதரசனைக் காற்றிலிருந்தே பிடித்துக்கொள்ளும். பொஸ்பரஸ்தான் அரிது. அப்பத்துக்கு மாவும் தேங்காய்ப்பாலும் மலைபோலக் கிடந்தாலும் கள்ளு விடாவிட்டால் மா பொங்குமோ? ஏரிக்குப் பொஸ்பரஸ்தான் அந்தக் கள்ளு. அது வந்து விழுந்ததும் பொங்கத் தொடங்கிவிடும். பாசி கோடையில் படர்ந்து, பிறகு செத்து அடிக்குப் போகும். செத்ததை அழுக வைக்கும் பற்றீரியாக்கள் அடித்தண்ணியின் ஒட்சிசனைக் குடித்து முடிக்கும். கோடையில் மேல்தண்ணி சூடாகவும் அடித்தண்ணி குளிராகவும் இரண்டு படையாகப் பிரிந்து நிற்பதால் மேலேயுள்ள ஒட்சிசன் கீழே போகாது. அடியில் உள்ளதெல்லாம் மூச்சுத் திணறிச் சாகும். இதில் இன்னொரு கொடுமை, ஒட்சிசன் இல்லாமல் போனதும் அடிச்சேறு தான் முன்பு பிடித்து வைத்திருந்த பொஸ்பரஸையும் திரும்பத் தண்ணிக்குள் விட்டுவிடும். வட்டிக்கு வட்டி போல.

1953 இல் ஈரியின் மேற்குப் பகுதியில் 'மே ஃப்ளை' என்கிற பூச்சியின் குடம்பிகள் கூட்டமாகச் செத்தன. எங்கட ஊர் ஈசல் மாதிரி, சிறகு முளைத்தபின் ஓரிரு நாள் பறந்து செத்துப்போகும் பூச்சி. அதுவரை ஏரியின் சேற்றுக்குள் கோடிக்கணக்கில் வாழ்ந்து மீன்களுக்குத் தீனியாக இருந்தது. அதுதான் முதல் எச்சரிக்கை. 1950களின் பிற்பகுதியில் 'புளூ பைக்' என்ற மீனின் பிடிபாடு படுத்துவிட்டது, பிறகு அந்த மீனே இல்லாமல் போனது. (அதில் அளவுக்கு மிஞ்சிப் பிடித்தவர்களுக்கும் பங்கு உண்டு.) 1960களில் கரைகளில் பாசி ஒதுங்கி நாறியது. பத்திரிகைகள் "ஈரி செத்துவிட்டது" என்று எழுதின. 1969 யூனில் ஈரிக்குள் விழும் கயஹோகா என்ற ஆறு ஒஹையோவில் தீப்பற்றியே எரிந்தது. தண்ணி எரிந்த நாடு!

ரொறன்ரோவும் சும்மா இருக்கவில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் 1969 இல் 'பொலூஷன் புறோப்' என்ற அமைப்புத் தொடங்கியது. அந்த வருட நவம்பரில் அவர்கள் டொன் ஆற்றுக்கு ஒரு செத்தவீடு செய்தார்கள். உண்மையாகவே ஊர்வலம் போய் ஆற்றுக்கு இறுதிக்கிரியை! 1970 இல் எந்தெந்தச் சலவைத் தூளில் எவ்வளவு பொஸ்பேற்று என்ற பட்டியலை வெளியிட்டார்கள். அதுவரை பெட்டியில் போடாத விபரம். சனம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் தூள் தேடியது.

இந்த இடத்தில்தான் கதை எனக்குச் சொந்தக் கதை போல ஆகிறது. ஏனென்றால் சண்டை "நிரூபி" என்ற சொல்லில் வந்து நின்றது.

கனடாவும் அமெரிக்காவும் 1964 இலேயே இந்த ஏரிகளின் நிலையை ஆராயும்படி தங்கள் கூட்டு ஆணைக்குழுவைக் கேட்டிருந்தன. பொஸ்பரஸைக் குறையுங்கள், தூளில் இருந்தே தொடங்குங்கள் என்பதே முடிவு. தூள் வியாபாரத்தின் பக்கம் நின்றவர்கள் விடவில்லை. காரணம் பொஸ்பரஸ் அல்ல, காபன் என்றார்கள். அதற்கு ஆய்வுகூடச் சான்றும் இருந்தது. போத்தலுக்குள் ஏரித்தண்ணியை விட்டுக் காபனைச் சேர்த்தால் பாசி கூட வளர்ந்தது. ஆகவே உங்கள் கழிவுநீரைப் பாருங்கள், எங்கள் தூளை விடுங்கள்; இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

"இன்னும் நிரூபிக்கப்படவில்லை"... அகதி வழக்கு விசாரணைக்குப் போன எவருக்கும் இந்த வசனம் அடிவயிற்றைக் கலக்கும். நடந்தது நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் தாளில் காட்டு என்பார்கள். நான் அதைப் பிழை என்று சொல்லவில்லை. பொய்யும் மெய்யும் கலந்து வருகிற இடத்தில் சான்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் சான்று கேட்பது வேறு, சான்று வரும்வரை காலத்தைக் கடத்தி இலாபம் எடுப்பது வேறு.

அந்தச் சான்றைத் தேடிப் போனவர்தான் டேவிட் ஷின்ட்லர். ஒன்ராறியோவின் வடமேற்கு மூலையில், கெனோராவுக்குக் கிட்ட, காட்டுக்குள் சிறிய ஏரிகள் பல கிடக்கின்றன. 1968 இல் மத்திய அரசு அதில் 46 ஏரிகளைப் பரிசோதனைக்கென்று ஒதுக்கியது. போத்தலுக்குப் பதிலாக முழு ஏரியையே ஆய்வுகூடமாக்குவது. பெயர் கூட வைக்காமல் இலக்கம் கொடுத்தார்கள். 1969 இல் 227ஆம் ஏரிக்குள் பொஸ்பரஸும் நைதரசனும் போட்டார்கள். காபன் போடவில்லை. ஏரி பச்சையாகிவிட்டது. காபன் எங்கிருந்து வந்தது? காற்றில் இருந்து! போத்தல் மூச்சு விடாது, ஏரி மூச்சு விடும். போத்தல் பரிசோதனை சறுக்கிய இடம் அதுதான்.

அப்படியும் எல்லோரும் நம்பவில்லை. 1973 இல் 226ஆம் ஏரி. மணிக்கண்ணாடி போல இரண்டு குடமும் நடுவில் ஒடுங்கிய இடுப்பும் கொண்டது. அந்த இடுப்பில் ஒரு பெரிய வினைல் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும். மற்றப் பாதிக்குக் காபன், நைதரசன், அதோடு பொஸ்பரஸ். அந்த செப்ரெம்பரில் ஆகாயத்தில் இருந்து எடுத்த படத்தை ஒருதரம் பார்த்தால் மறக்கமாட்டீர்கள். ஒரு பாதி கறுத்த தெளிந்த தண்ணி. மற்றப் பாதி கொத்தமல்லிச் சட்னி. நடுவில் கோடு போட்டது போல ஒரு திரை. ஆயிரம் பக்க அறிக்கை செய்யாததை அந்த ஒரு படம் செய்தது. இரசாயனம் படிக்காத அரசியல்வாதிக்கும் அது விளங்கியது.

கனடா படத்துக்குக் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1970 இல் கனடா நீர்ச் சட்டத்தின் கீழ் சலவைத் தூளில் பொஸ்பேற்றை 20 வீதமாகக் கட்டுப்படுத்தினார்கள் (பொஸ்பரஸ் பென்ரொட்சைட்டாகக் கணக்கிட்டு). 1973 தொடக்கத்தில் 5 வீதம். 1972 ஏப்ரல் 15 இல் பியர் ட்ரூடோவும் நிக்சனும் ஒட்டாவாவில் பேரேரிகளின் நீர்த் தர உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் பணம் கொட்டினார்கள். அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாக இழுபட்டது. ஈரியின் தென்கரையில் கிடக்கும் ஒஹையோ 1980களின் இறுதியில்தான் வழிக்கு வந்தது. அங்கேதான் அந்தப் படத்துக்கு நிறைய வேலை இருந்தது.

1960களின் இறுதியில் ஈரிக்குள் வருடத்துக்கு 20,000 தொன்னுக்கு மேல் பொஸ்பரஸ் போனது. 1978 உடன்படிக்கை 11,000 தொன் என்று இலக்கு வைத்தது. 1980களில் கிட்டத்தட்ட அதைத் தொட்டார்கள். ஈரியின் தண்ணி மூன்று வருடத்துக்குள் மாறிவிடும், அதனால் பலனும் கெதியாகத் தெரிந்தது. பிக்கறெல் மீன் பெருகியது. 1990களில் மே ஃப்ளையும் திரும்பி வந்தது. செத்துவிட்டது என்று உலகமே சொன்ன ஓர் ஏரி எழும்பி உட்கார்ந்தது. மனிதர் இப்படி ஒரு பிழையைத் திருத்திய கதைகள் சரித்திரத்தில் அதிகம் இல்லை.

ஆனால் பாருங்கள், வெற்றிக்கு ஆயுள் குறைவு.

2012 மே மாதம், அப்போதைய ஹார்ப்பர் அரசு அந்தப் பரிசோதனை ஏரிகளுக்கான பணத்தை நிறுத்துவதாக அறிவித்தது. வருடத்துக்கு இரண்டு மில்லியன் டொலர் அளவு மிச்சமாம். ஒரு நாட்டின் கணக்கில் அது சில்லறைக் காசு. பொஸ்பரஸ் மட்டுமல்ல, அமில மழை மீன்களை எப்படிப் பட்டினி போட்டுக் கொல்கிறது என்று 223ஆம் ஏரியில் காட்டியதும் அந்த இடம்தான். விஞ்ஞானிகள் கத்தினார்கள், ஊர்வலம் போனார்கள். கடைசியில் 2014 ஏப்ரலில் ஒன்ராறியோ, மனிற்றோபா மாகாணங்களின் உதவியோடு வினிப்பெக்கில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் அதைப் பொறுப்பெடுத்தது. இடம் தப்பியது. ஷின்ட்லர் 2021 மார்ச்சில் காலமானார்.

அதே 2014 ஓகஸ்டில் ஈரி பதில் சொன்னது. ஒஹையோவின் ரொலிடோ நகரில் நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட சனத்துக்குக் குழாய்த் தண்ணியைக் குடிக்கவேண்டாம் என்று அறிவித்தார்கள். நீலப்பச்சை அல்கா விடும் மைக்ரோசிஸ்ரின் என்ற நஞ்சு, ஈரலைத் தாக்குவது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணி வற்ற வற்ற இன்னும் செறியும். இரண்டு நாளுக்கு மேல் சனம் போத்தல் தண்ணிக்கு வரிசையில் நின்றது.

இந்த முறை குற்றவாளி சலவைத் தூள் அல்ல, வயல். மோமி ஆற்றின் இருபக்கமும் சோளமும் சோயாவும். பசளையிலும் மாட்டெருவிலும் உள்ள பொஸ்பரஸ், தண்ணியில் கரைந்த வடிவில், இளவேனில் மழையோடு ஆற்றுக்கு வருகிறது. கனடாப் பக்கமும் சுத்தம் இல்லை. தேம்ஸ் ஆறு இருக்கிறது, லெமிங்ரன் பக்கத்துக் கண்ணாடிக் கூடாரத் தோட்டங்கள் இருக்கின்றன. எங்கள் குசினிக்கு வருகிற தக்காளிப் பெட்டியில் அந்த ஊர்ப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். 2015 இல் ஒன்ராறியோவும் ஒஹையோவும் மிச்சிகனும் 2025க்குள் 40 வீதம் குறைப்போம் என்று கையெழுத்திட்டன. 2025உம் வந்து போய்விட்டது, கோடையில் ஏரியின் மேற்குப் பக்கம் இன்னும் பச்சையாகத்தான் போகிறது. ஒரு சில கம்பனிகளின் தூளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போதும். ஆயிரக்கணக்கான வயல்களின் மழைத்தண்ணியை எந்தச் சட்டத்தால் பிடிப்பது?

இதையெல்லாம் நான் வேலை முடிந்து நூலகத்தில் இருந்து வாசித்து வாசித்து அறிந்தது. அறிந்த பிறகு ஏழாலை அண்ணைக்குச் சொன்னேன். அவர் பெரிதாக எடுபடவில்லை. "அது வெள்ளைக்காரன்ர ஏரி தம்பி" என்றார்.

எங்களுக்கு ஏரி இல்லை என்பது உண்மைதான். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. எங்கட ஏரி நிலத்துக்குக் கீழே, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் கிடக்கிறது. மேலே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் நாங்கள் அள்ளிக் கொட்டிய யூரியா அதற்குள்தான் இறங்கியது. மலசலகூடக் குழியும் அதற்குள்தான். தோட்டப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை 1980களில் இருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணியில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். ஈரியில் மீனுக்கு நடந்தது இங்கே பிள்ளைக்கு நடக்கும்.

பிறகு சுன்னாகம். அனல் மின் நிலையத்துப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2015 அளவில் ஏழாலை, மல்லாகம் பக்கத்துச் சனம் பவுசரில் வரும் தண்ணிக்குக் குடத்தோடு நின்றது. ஒரு பரிசோதனை ஒன்று சொன்னது, இன்னொன்று வேறு சொன்னது. மீண்டும் அதே "நிரூபிக்கப்படவில்லை". கடைசியில் 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம், மின் நிலையத்தை நடத்திய கம்பனி இருபது மில்லியன் ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வருவதற்குள் எத்தனை வருடம், எத்தனை குடம்!

அந்த நாட்களில் ஒருநாள் அண்ணை கையில் போனோடு குசினிக்குள் வந்தார். ஏழாலையில் இருக்கும் அவரின் தங்கச்சி கிணற்றுத் தண்ணியை வாளியில் அள்ளிப் படம் எடுத்து அனுப்பியிருந்தா. மேலே வானவில் நிறத்தில் படலம்.

"தம்பி, இந்தத் தண்ணியை எங்க குடுத்துப் பாக்கலாம்? ஆர் சொல்லுறதை நம்பலாம்?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இருக்கவில்லை. எனக்கு 226ஆம் ஏரியின் திரைதான் நினைவுக்கு வந்தது. ஈரி எழும்பியது நல்ல மனத்தால் அல்ல. எந்தக் கம்பனிக்கும் கட்டுப்படாமல், வருடக்கணக்கில் பொறுமையாக அளந்து, இதுதான் காரணம் என்று காட்டக்கூடிய ஓர் இடம் இருந்ததால். அதன் சொல்லைக் கேட்டுச் சட்டம் போட ஆட்கள் இருந்ததால். அப்படிப்பட்ட இடம் இல்லாத ஊரில் கிணறு வைத்திருப்பவன் எப்போதும் தன் வாளியோடு சாட்சி தேடி அலைய வேண்டியதுதான்.

நாங்கள் இங்கிருந்து ஊருக்குக் காசு அனுப்புகிறோம். கோயிலுக்குக் கோபுரம், பள்ளிக்கூடத்துக்கு மண்டபம், பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஊர்ச் சங்கமாவது, எங்கள் ஊரில் நூறு கிணறுகளை வருடா வருடம், மாரிக்கு முன்னும் பின்னும், பல்கலைக்கழகப் பிள்ளைகளைக் கொண்டு அளந்து எழுதி வைப்போம் என்று முடிவெடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. கோபுரச் செலவில் ஒரு சிறு துண்டு போதும். பத்து வருடம் எழுதி வைத்த கணக்கை எந்தக் கம்பனியும் எந்த மந்திரியும் இலேசில் "நிரூபிக்கப்படவில்லை" என்று தள்ளமுடியாது.

அண்ணை இப்போது இளைப்பாறிவிட்டார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டுக் குடிக்கத் தண்ணியும் ஒரு கிளாசில் வைத்தா அக்கா. கிளாசில் இன்னும் மெல்லிய வெள்ளைப் படலம். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி, இந்த மெசின் இப்பிடித்தான்" என்றா.

"அது பரவாயில்லை அக்கா, வினாகிரி கொஞ்சம் விட்டுக் கழுவுங்கோ, போயிடும்" என்றேன். அண்ணை சிரித்தார். நான் அந்தத் தண்ணியை முழுக்கக் குடித்தேன்.

உங்கள் ஊர்வீட்டுக் கிணற்றை யாராவது கடைசியாக எப்போது அளந்தார்கள்? அடுத்த முறை அம்மாவோடு கதைக்கும்போது ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.